பேட்டில்டெக்: எத்தனை ஹெக்ஸில் எந்த ஆயுதம்? புதியவர்களுக்கான வழிகாட்டி

பேட்டில்டெக், மெக் எனப்படும் ராட்சதப் போர் ரோபோக்கள் ஹெக்ஸ் (அறுகோணக் கட்டம்) வரைபடத்தில் மோதும் மேசை விளையாட்டு. அதை ஆட வருகிறவர்கள் பெரும்பாலும் டேமேஜ் எண்ணைப் பார்த்துத்தான் ஆயுதத்தை மதிப்பிடுகிறார்கள். அதற்கு அடுத்தபடியாக, எது அதிக தூரம் போகும் என்று பார்க்கிறார்கள். இரண்டும் பாதிக் கணக்குதான். பிபிசி என்ற துகள் பீரங்கி 18 ஹெக்ஸ் வரை எட்டும் என்பது உண்மை. ஆனால் அந்த 18-வது ஹெக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் மெக்கை அடிக்க, இரண்டு பகடையில் 11 விழ வேண்டியிருக்கும். எட்டும் தூரம் வேறு, அடிபடும் தூரம் வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கான படிகள் கீழே உள்ளன. ஆட்டத்தின் கதையுலகில் இன்னர் ஸ்ஃபியர் என்ற பகுதியின் அடிப்படை ஆயுதங்களைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பல்ஸ் லேசர், காஸ் ரைஃபிள் போன்றவை கடைசிப் படியில் கொஞ்சம் வரும்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு ஆறுமுகப் பகடை, ஹெக்ஸ் வரைபடம், மெக் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெக்கார்டு ஷீட், அழிக்கக்கூடிய பென்சில். பகடை வெவ்வேறு நிறத்தில் நான்கைந்து ஜோடி இருந்தால் நல்லது. நான்கு மீடியம் லேசரையும் ஒரே தடவையில் உருட்டிவிடலாம், ஒரு சுற்றுக்குப் பல நிமிடம் மிச்சம்.

விதிகளைப் பழக, வெளியீட்டாளரான கேட்டலிஸ்ட் தரும் இலவச குவிக்-ஸ்டார்ட் விதிகள் போதும். ரெக்கார்டு ஷீட் அச்சிட மெகாமெக்லேப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மெக்கின் பேட்டில் வேல்யூ, அதாவது புள்ளி விலை, மாஸ்டர் யூனிட் லிஸ்ட் தளத்தில் கிடைக்கும்.

முதல் ஆட்டத்துக்கு ஆளுக்கு இரண்டு மெக் போதும். புதியவர்கள் இருவர் தலா நான்கு மெக்கோடு உட்கார்ந்தால் ஒரு மாலை முழுக்கப் போய்விடும், ஆட்டமும் முடியாது.

2. ரெக்கார்டு ஷீட்டின் ஆயுத வரியைப் படியுங்கள்

ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஹீட், டேமேஜ், மினிமம், ஷார்ட், மீடியம், லாங் என்று எண்கள் வரிசையாக இருக்கும். முதலில் கடைசி நான்கைப் பாருங்கள். ஷார்ட் தூரத்தில் கூட்டல் எதுவும் இல்லை. மீடியம் என்றால் +2, லாங் என்றால் +4.

மினிமம் என்ற எண்ணைப் பலர் கவனிப்பதே இல்லை. இலக்கு அந்த எண்ணிலோ அதற்கு உள்ளேயோ இருந்தால், மினிமத்திலிருந்து தூரத்தைக் கழித்து 1 கூட்டினால் வருவது உங்களுக்கான அபராதம். எல்ஆர்எம்மின் (நீண்ட தூர ஏவுகணை) மினிமம் 6. எதிரி 6 ஹெக்ஸில் இருந்தால் +1, 3 ஹெக்ஸில் +4, ஒட்டி நின்றால் +6. பிபிசிக்கும் ஏசி/5-க்கும் (ஏசி என்பது ஆட்டோகேனன் பீரங்கி) மினிமம் 3, ஏசி/2-க்கு 4.

அதிகம் வரும் ஆயுதங்களின் ஷார்ட், மீடியம், லாங் இவை:

ஸ்மால் லேசர், மெஷின் கன்: 1, 2, 3
மீடியம் லேசர், எஸ்ஆர்எம் (குறுந்தூர ஏவுகணை), ஏசி/20: 3, 6, 9
லார்ஜ் லேசர், ஏசி/10: 5, 10, 15
பிபிசி, ஏசி/5: 6, 12, 18
எல்ஆர்எம்: 7, 14, 21
ஏசி/2: 8, 16, 24

3. டார்கெட் நம்பரைக் கூட்டுங்கள்

டார்கெட் நம்பர் என்பது இரண்டு பகடையில் குறைந்தது விழ வேண்டிய எண். சுடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் இந்த வரிசையில் கூட்டுங்கள். வரிசையை மாற்றினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

பைலட்டின் கன்னரி, அதாவது சுடும் திறன். வழக்கமாக 4.

நீங்கள் எப்படி நகர்ந்தீர்கள்? நின்ற இடத்திலேயே இருந்தால் 0, நடந்தால் +1, ஓடினால் +2, குதித்தால் +3.

இலக்கு எத்தனை ஹெக்ஸ் நகர்ந்தது? 2 வரை 0, 3-4 என்றால் +1, 5-6 என்றால் +2, 7-9 என்றால் +3, 10-17 என்றால் +4. இலக்கு குதித்திருந்தால் இன்னொரு +1. செலவழித்த நகர்வுப் புள்ளிகள் இங்கே கணக்கில் வராது. உள்ளே நுழைந்த ஹெக்ஸ்கள்தான் கணக்கு. திரும்புவதற்கும் மேடு ஏறுவதற்கும் புள்ளி போகும், ஆனால் பாதுகாப்பு கூடாது.

இடையில் என்ன இருக்கிறது? லேசான காடு ஒரு ஹெக்ஸுக்கு +1, அடர்காடு +2. இலக்கு நிற்கும் ஹெக்ஸும் காடாக இருந்தால் அதையும் சேருங்கள், நீங்கள் நிற்கும் ஹெக்ஸ் சேராது. நடுவில் உள்ள காடுகள் மட்டும் கூடி 3 ஆகிவிட்டால் பார்வையே மறையும். பாதி உடல் மறைந்திருந்தால் +1.

கடைசியாகத் தூரக் கூட்டல், மினிமம் அபராதம்.

உதாரணமாக, கன்னரி 4, நீங்கள் நடந்தீர்கள், இலக்கு 5 ஹெக்ஸ் ஓடியது. 4 + 1 + 2 = 7. இதுதான் தூரம் சேர்க்கும் முன் உள்ள அடித்தளம். ஷார்ட்டில் 7, மீடியத்தில் 9, லாங்கில் 11. கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த 7-ஐ வைத்தே.

4. பகடையின் வாய்ப்பைத் தாளில் எழுதி வையுங்கள்

இரண்டு பகடையில் குறிப்பிட்ட எண்ணோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு, சதவீதத்தில்:

4 என்றால் 92
5 என்றால் 83
6 என்றால் 72
7 என்றால் 58
8 என்றால் 42
9 என்றால் 28
10 என்றால் 17
11 என்றால் 8
12 என்றால் 3

படிகள் சமமாக இல்லை என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது. 4-லிருந்து 6-க்குப் போனால் இழப்பது 20 சதவீதம், அப்போதும் நான்கில் மூன்று குண்டு படும். 7-லிருந்து 9-க்குப் போனால் வாய்ப்பு பாதிக்கும் கீழே விழுகிறது. 9-லிருந்து 11-க்குப் போனால் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆகவே எதிரி நின்றுகொண்டிருந்தால் மீடியம் தூரத்திலிருந்து சுடுவதில் தவறில்லை. எதிரி வேகமாக ஓடும்போதுதான் ஒரு ஹெக்ஸ் முன்னே போய் ஷார்ட்டுக்குள் நுழைவது ஆட்டத்தையே மாற்றும்.

டேமேஜை இந்த வாய்ப்பால் பெருக்கிப் பாருங்கள். அடித்தளம் 7 இருக்கும்போது ஏசி/20 மூன்று ஹெக்ஸில் சராசரியாக 11.7 டேமேஜ் தரும். ஆறு ஹெக்ஸில் 5.6. ஒன்பது ஹெக்ஸில் 1.7. ஒரே ஆயுதம், ஒரே குண்டு, ஆறு ஹெக்ஸ்தான் வித்தியாசம்.

5. எந்த ஹெக்ஸ் யாருக்குச் சாதகம் என்று பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். உங்கள் ஆயுதம் ஷார்ட்டில் இருக்கும்போது எதிரியின் ஆயுதம் மீடியத்திலோ லாங்கிலோ இருக்கும் ஹெக்ஸ்தான் நீங்கள் தேட வேண்டிய இடம்.

1 முதல் 3 ஹெக்ஸ்: மீடியம் லேசர், எஸ்ஆர்எம், ஏசி/20 மூன்றும் முழு பலத்தில் இருக்கும் இடம். பிபிசிக்கு மினிமம் அபராதம் தொடங்கும், எல்ஆர்எம் ஏறக்குறைய வீண்.

4, 5 ஹெக்ஸ்: மீடியம் லேசரும் ஏசி/20-யும் +2-க்கு ஏறிவிட்டன. எல்ஆர்எம்முக்கு 4-ல் +3, 5-ல் +2. லார்ஜ் லேசர், ஏசி/10, பிபிசி, ஏசி/5 ஆகியவற்றுக்குக் கூட்டலே இல்லை.

6 ஹெக்ஸ்: பிபிசிக்கும் ஏசி/5-க்கும் இன்னும் ஷார்ட். லார்ஜ் லேசர் மீடியத்துக்குப் போய்விட்டது. எல்ஆர்எம்முக்கு +1.

7 ஹெக்ஸ்: எல்ஆர்எம்முக்கு இதைவிட நல்ல இடம் வரைபடத்தில் கிடையாது. மினிமம் அபராதம் தீர்ந்தது, ஷார்ட் இன்னும் முடியவில்லை. எதிரே பிபிசிக்கு +2, லார்ஜ் லேசருக்கு +2, மீடியம் லேசருக்கு +4. இந்த ஒரே ஒரு ஹெக்ஸ் தூரத்தில்தான் எல்ஆர்எம்முக்குக் கூட்டலே கிடையாது. 8-க்குப் போனால் அதுவும் +2.

8, 9 ஹெக்ஸ்: மீடியம் லேசரின் கடைசி எல்லை. லார்ஜ் லேசர், ஏசி/10, பிபிசி, ஏசி/5, எல்ஆர்எம் எல்லாம் மீடியம்.

10 ஹெக்ஸ்: மீடியம் லேசர், எஸ்ஆர்எம், ஏசி/20 எதுவும் எட்டாது. லார்ஜ் லேசரும் ஏசி/10-ம் இன்னும் மீடியம்.

11, 12 ஹெக்ஸ்: லார்ஜ் லேசருக்கும் ஏசி/10-க்கும் +4. பிபிசி, ஏசி/5, எல்ஆர்எம் மூன்றும் +2.

13, 14 ஹெக்ஸ்: எல்ஆர்எம் மட்டும் +2-ல் நிற்கும், ஏசி/2 கூட இருந்தால் அதுவும். மற்றவை லாங், அல்லது எட்டாது.

15-லிருந்து எல்லாமே லாங்தான், ஏசி/2-க்கு மட்டும் 17-லிருந்து. அங்கிருந்து சுடுவது பெரும்பாலும் குண்டுச் செலவு. எதிரி அசையாமல் நின்றால் மட்டும் முயன்று பாருங்கள்.

இதை மெக்குகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஆர்ச்சர் ஏஆர்சி-2ஆர்-ல் இரண்டு எல்ஆர்எம் 20, நான்கு மீடியம் லேசர். அவற்றில் இரண்டு பின்பக்கம் பார்த்தவை. தூரத்துக்கு ஏவுகணை, கிட்டத்துக்கு லேசர் என்று ஓட்டையே இல்லாத மாதிரி தெரியும். ஆனால் 4, 5 ஹெக்ஸில் இரண்டுக்குமே கூட்டல் இருக்கிறது. பிபிசியோ லார்ஜ் லேசரோ உள்ளவர் ஆர்ச்சரை அந்தத் தூரத்தில் வைத்து அடிப்பதுதான் சரி. ஹன்ச்பேக் எச்பிகே-4ஜி-யின் ஏசி/20 ஒன்பது ஹெக்ஸ்தான் எட்டும். அது நடந்தால் 4, ஓடினால் 6 புள்ளி. அதைவிட வேகமான மெக் உங்களிடம் இருந்தால் 10-12 ஹெக்ஸில் நின்று பிபிசியால் சுட்டுக்கொண்டே இருக்கலாம். வேகம் குறைவென்றால் அந்த இடைவெளியைக் காப்பாற்ற முடியாது. அப்போது காட்டையும் மேட்டையும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் போடும் முன்னெடுப்புப் பகடையில் தோற்றவர் முதலில் நகர்வார். வென்றவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் தூரத்தைத் தேர்ந்தெடுப்பார். தோற்ற சுற்றில் துல்லியமான ஹெக்ஸைத் தேடாதீர்கள், அடுத்தவர் அதைக் கெடுத்துவிடுவார். முதலில் முக்கியமில்லாத மெக்கை நகர்த்தி, தூரம் பார்த்து நிறுத்த வேண்டிய மெக்கைக் கடைசிக்கு வையுங்கள்.

6. சூட்டின் விலையைக் கணக்கிடுங்கள்

இந்த ஆட்டத்தில் குறி தவறுவதற்குப் பல நேரம் தூரம் காரணமே இல்லை, சூடுதான் காரணம். ஹீட் அளவு ஒவ்வொரு 5 ஏறும்போதும் நகர்வில் ஒரு புள்ளி குறையும். 8 ஆனால் சுடுவதற்கு +1, 13 ஆனால் +2, 17-ல் +3. 14-லிருந்து மெக் அணையாமல் இருக்கப் பகடை போட வேண்டும். 19-லிருந்து குண்டு வெடிக்காமல் இருக்கவும் போட வேண்டும். 30-ல் மெக் தானாக அணைந்துவிடும், அசையாத இலக்கைச் சுடுபவருக்கு −4. நகர்வுக்கும் சூடு உண்டு: நடந்தால் 1, ஓடினால் 2, குதித்தால் ஹெக்ஸுக்கு 1, குறைந்தபட்சம் 3.

ரைஃபிள்மேன் ஆர்எஃப்எல்-3என் இதற்கு நல்ல பாடம். இரண்டு லார்ஜ் லேசர் 16, இரண்டு மீடியம் லேசர் 6, இரண்டு ஏசி/5 சேர்ந்து 2, நடை 1. மொத்தம் 25. ஒன்றுக்கு ஒரு ஹீட்டைத் தணிக்கும் ஹீட் சிங்க் 10 மட்டுமே. எல்லாவற்றையும் ஒரே சுற்றில் சுட்டால் 15 தங்கும். நகர்வில் 3 போச்சு, குறியில் +2, அணையும் சோதனை வேறு. அடுத்த சுற்றில் 7 ஆக இருக்க வேண்டிய எண் 9 ஆகிவிடும். லாங் தூரத்தில் 8 சதவீத வாய்ப்புக்காக எட்டு ஹீட் செலவழித்து, அடுத்த சுற்றின் 58 சதவீதத்தை 28 ஆக்கிக்கொள்ளாதீர்கள்.

ஆசம் ஏடபிள்யூஎஸ்-8க்யூ-வில் மூன்று பிபிசி, 28 ஹீட் சிங்க். மூன்றையும் நடந்துகொண்டே சுட்டால் 31, தங்குவது 3. மறுபடி சுட்டால் 6. மூன்றாவது சுற்றில் இரண்டை மட்டும் சுட்டால் சூடு பூஜ்யத்துக்கு இறங்கும். மூன்று, மூன்று, இரண்டு என்று சுடுங்கள். நடுவில் ஒரு நகர்வுப் புள்ளி குறைவதைத் தவிர வேறு சேதம் இல்லை.

டேமேஜை ஹீட்டோடு ஒப்பிட்டால் மீடியம் லேசரின் மதிப்பு தெரியும். அடித்தளம் 7, தூரம் 3 ஹெக்ஸ் என்றால் மூன்று மீடியம் லேசர் 9 ஹீட்டில் சராசரி 8.75 டேமேஜ், எடை 3 டன். பிபிசி 10 ஹீட்டில் 4.2, எடை 7 டன். ஆறு ஹெக்ஸுக்கு விலகினால் அதே மூன்று லேசர் 4.2-க்கு இறங்கும், பிபிசி 5.8-க்கு ஏறும்.

7. எடையையும் குண்டையும் சேர்த்துப் பாருங்கள்

சொந்தமாக மெக் வடிவமைக்கும்போது பட்டியலில் உள்ள டன் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். ஏசி/10-ன் எடை 12 டன். இரண்டு டன் குண்டு, மூன்று ஹீட்டுக்கு மூன்று ஹீட் சிங்க் சேர்த்தால் 17. பிபிசி 7 டன், பத்து ஹீட் சிங்க் சேர்த்தால் அதுவும் 17. டேமேஜ் இரண்டுக்கும் 10. ஆனால் எஞ்சினோடு பத்து ஹீட் சிங்க் எடை இல்லாமல் வந்துவிடுவதால் முதல் பிபிசி மலிவு. இரண்டாவது பிபிசி வைக்கும்போதுதான் உண்மையான விலை தெரியும்.

ஒரு டன்னில் ஏசி/20-க்கு 5 குண்டு, ஏசி/10-க்கு 10, ஏசி/5-க்கு 20, எல்ஆர்எம் 20-க்கு 6 தடவை, எஸ்ஆர்எம் 6-க்கு 15. ஹன்ச்பேக்கிடம் மொத்தம் பத்து குண்டுதான். டார்கெட் நம்பர் 10 அல்லது அதற்கு மேல் என்றால் ஏசி/20-ஐச் சுடாமல் வைத்திருங்கள். குண்டு தீராமல் நிறைய மிஞ்சுவதும் ஆபத்துதான்: குண்டு வைத்த இடத்தில் கிரிட்டிக்கல் (உள்ளே இருக்கும் கருவியைக் கெடுக்கும் அடி) விழுந்தால் மீதமுள்ள அத்தனையும் உள்ளேயே வெடிக்கும். ஒரு முழு டன் மெஷின் கன் குண்டு 200 தடவைக்கானது, தடவைக்கு 2 டேமேஜ். 400 புள்ளி வெடிப்பைத் தாங்கும் மெக் கிடையாது. அரை டன் எடுக்க முடிந்தால் அதையே எடுங்கள்.

8. துளைக்கும் ஆயுதம், தூவும் ஆயுதம் இரண்டையும் கலந்து வையுங்கள்

ஏசி/20, பிபிசி போன்றவை முழு டேமேஜையும் ஒரே இடத்தில் இறக்கும். தலையில் கவசம் அதிகபட்சம் 9, உள்கட்டமைப்பு 3. ஆகவே 12 டேமேஜ் ஒரே அடியாகத் தலையில் பட்டால் எந்த மெக்கும் முடிந்தது. படும் அடி தலையில் விழும் வாய்ப்பு 36-ல் 1.

ஏவுகணைகள் அப்படி இல்லை. குறி பட்ட பிறகு எத்தனை பட்டன என்று இன்னொரு பகடை. அதில் 7 விழுந்தால் எல்ஆர்எம் 20-க்கு 12, எஸ்ஆர்எம் 6-க்கு 4. ஷீட்டில் 20 என்று பார்த்துவிட்டு 20 டேமேஜ் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எல்ஆர்எம் ஐந்தைந்தாகப் பிரிந்து வெவ்வேறு இடத்தில் படும், எஸ்ஆர்எம் ஒவ்வொன்றும் 2 டேமேஜோடு தனித்தனியாக. கவசம் முழுதாக இருக்கும்போது அது சுரண்டல்தான். எங்காவது கவசம் கிழிந்த பிறகு, அந்தத் திறந்த இடத்தைத் தொடும் ஒவ்வொரு எஸ்ஆர்எம்மும் ஒரு கிரிட்டிக்கல் வாய்ப்பு. அதனால் முதலில் பெரிய ஆயுதம், பிறகு எஸ்ஆர்எம்.

ஒரே சுற்றின் சுடும் கட்டத்தில் ஒரு மெக் 20 டேமேஜ் வாங்கினால் அது விழாமல் இருக்கப் பைலட்டிங் சோதனை போட வேண்டும். உங்கள் மெக்குகள் ஆளுக்கொரு இலக்கைச் சுடாமல் ஒன்றையே சுட வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம். ஒரே மெக் இரண்டு இலக்கைச் சுட்டால் இரண்டாவதற்கு முன்பக்க வளைவில் +1, வேறு வளைவில் +2 என்பதும் நினைவிருக்கட்டும்.

9. சுடும் வரிசையில் வரும் சிக்கல்கள்

எல்லா ஆயுதங்களையும் அறிவித்த பிறகுதான் பகடை. "முதல் லேசர் பட்டால் அடுத்தது" என்று பார்த்துப் பார்த்துச் சுட முடியாது. எனவே சூட்டுக் கணக்கை அறிவிப்பதற்கு முன்பே முடியுங்கள். சேதம் கட்டத்தின் முடிவில்தான் நடைமுறைக்கு வரும். இந்தச் சுற்றில் உடைந்த ஆயுதமும் இந்தச் சுற்றில் சுடும்.

குதித்தால் பாதுகாப்பு கூடும் என்று ஒவ்வொரு சுற்றும் குதிக்கிறவர்கள், சுடுவதற்கு +3 வாங்குவதை மறந்துவிடுகிறார்கள். ஜென்னர் ஜேஆர்7-டி ஐந்து ஹெக்ஸ் குதித்து நான்கு மீடியம் லேசரையும் எஸ்ஆர்எம் 4-ஐயும் சுட்டால் 20 ஹீட், பத்து தணியும், பத்து தங்கும். அடுத்த சுற்றில் வேகமும் போய் குறியும் போய் எதிரியின் முன்னால் நிற்கும். குதிப்பதை எதிரியின் முதுகுப் பக்கம் போய்ச் சேரும் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

10. அடிப்படை ஆயுதங்கள் பழகிய பிறகு

பல்ஸ் லேசருக்குச் சுடும்போது −2 உண்டு. இன்னர் ஸ்ஃபியர் மீடியம் பல்ஸின் தூரம் 2, 4, 6 மட்டுமே. ஆனால் 4 ஹெக்ஸில் அதன் மீடியம் கூட்டலை −2 ஈடுகட்டிவிடும். அடித்தளம் 7 என்றால் அங்கே அது 3.5 டேமேஜ், சாதாரண மீடியம் லேசர் 1.4. எடை 2 டன், ஹீட் 4. டார்கெட்டிங் கம்ப்யூட்டர் −1 தரும், ஆனால் ஏவுகணைகளுக்குப் பயன்படாது. காஸ் ரைஃபிள் 15 டேமேஜ், ஹீட் 1, தூரம் 7, 15, 22, மினிமம் 2. எடை 15 டன், குண்டு டன்னுக்கு 8. ஈஆர் பிபிசி, அதாவது பிபிசியின் நீண்ட தூர வகை, 23 ஹெக்ஸ் வரை எட்டும், மினிமமும் இல்லை. ஆனால் ஹீட் 15 என்பதால் இரட்டைத் திறன் ஹீட் சிங்க் இல்லாத மெக்கில் அதை வைக்க வேண்டாம்.

நல்ல பைலட்டுக்குப் புள்ளி செலவழிப்பதா, நல்ல ஆயுதத்துக்கா என்ற கேள்வி இந்தக் கட்டத்தில் வரும். கன்னரி 3 ஆனால் எல்லா ஆயுதத்துக்கும் எல்லாத் தூரத்திலும் ஒரு எண் குறையும், பேட்டில் வேல்யூ கணிசமாக ஏறும். ஆசம் போல வெகுதூரத்திலிருந்து சுடும் மெக்குக்கு அது பொருந்தும், ஏனென்றால் அதன் எண்கள் 8-க்கும் 10-க்கும் நடுவில்தான் கிடக்கும். எப்போதும் 3 ஹெக்ஸுக்குள் போய்ச் சண்டையிடும் மெக்குக்கு அதே புள்ளியில் இன்னொரு சிறிய மெக் எடுத்துக்கொள்ளுங்கள்.